சைக்கிள் டியூப் கட்டு

பூவராகனுக்கு விடிந்ததும் முதலில் எழுந்திருப்பது விரல் வலிதான். குத்தலோ குடைச்சலோ இல்லை. மரத்துப்போன இடத்தில் உயிர் திரும்பும்போது ஓர் எரிச்சல் வருமே, அது. பதினாறு வயதில் திரிசூலம் கல்குவாரியில் டிரில்லிங் மிஷினைப் பிடித்தான். வேலை நிற்கிற வரைக்கும் இருபது வருஷம் அது அவன் கையை உதறிக்கொண்டே இருந்தது. இப்போது இரண்டு கையிலும் விரல் நுனிகள் வெளுத்துக் கிடக்கின்றன. சூடு தெரியாது, முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு சிமென்ட் குடோனில் மூட்டை இறக்குகிறான். மூட்டை தூக்க விரல் நுனி வேண்டாம், தோளும் இடுப்பும் போதும். சட்டைப் பொத்தான் போடுவதுதான் அவனுக்குப் பெரிய வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கைகளோடு அனகாபுத்தூரில் தங்கை ஜோதிலட்சுமி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆற்றுப் பக்கம் போகிற சந்து. பாதிச் சந்தை அடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குக் கீழே வண்டி கிடந்தது. பதிமூன்று வருஷத்து டீசல் வண்டி. கார் என்று சொல்ல உயரம் அதிகம், ஜீப் என்று சொல்ல உடம்பு சிறிசு. சந்தில் எல்லோரும் அதை ஜீப் என்றுதான் சொல்வார்கள். பின்கதவு அப்பளமாக நசுங்கி, நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அவனால் பார்க்க முடியாதது அந்த முன்பக்கத்தைத்தான்.

"இன்னாண்ணா, பேனட்டயே மொறச்சிகினு நிக்கிற? அது இன்னா உனக்கு சம்பந்தம் பேச வந்துகீதா? தொற."

ஜோதிலட்சுமி டீ தம்ளரோடு வந்தாள். இடுப்பில் சுருக்குப்பை. அதில் எப்போதும் இரண்டு போன், ஒன்று அவளுடையது, இன்னொன்று மகேஷுடையது.

"லைசன்ஸ் கைக்கு வந்துடுச்சி. நாளைக்கு வெடியக்காலம் நான் கோவளம் போறேன். அஸ்தினாபுரத்துல கடைய தொறந்தாச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்ட்டேன். நீ இன்னிக்கி இத்த ஓட வெச்சிக் குட்டுடு."

"அன்புகிட்ட உட்டுருக்கலாமே. அவன் மெக்கானிக்."

"அவன் பத்து நாளு போட்டு வெச்சிப்பான். எனக்கு உன் கை பட்டா போதும்."

அவன் டீயைக் குடித்தான். சூடா ஆறினதா என்று நாக்கில் பட்டபிறகுதான் தெரிந்தது.

மகேஷ் கோவளம் குப்பத்துப் பையன். கடலுக்குப் போகாமல் மீன் வியாபாரத்துக்கு வந்தவன். இந்த வண்டியைப் பழசாக வாங்கி, பின்சீட்டை மடக்கிவிட்டு, ஐஸ் பெட்டி அடுக்கி, கோவளத்திலிருந்து அஸ்தினாபுரம் கடைக்கு தினம் மீன் கொண்டுவந்தான். டீசல் மட்டும் நிறைய போடமாட்டான். முள் சிவப்பைத் தொட்டாலும் சிரித்துக்கொண்டே ஓட்டுவான். வண்டியில் ஒரு மஞ்சள் கேன் எப்போதும் இருக்கும். சந்தில் அவனுக்கு 'ரிசர்வ்' என்றே பெயர்.

பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலை வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் வண்டி நின்றுபோனது. மகேஷ் பேனட்டைத் தூக்கிவிட்டு முன்னால் குனிந்து நின்றான். பின்னாலிருந்து ஒரு டிப்பர் லாரி வந்து இடித்தது. அவனுடைய வண்டி அவன் மேலேயே ஏறியது. போலீஸ் வந்தபோது காலி மஞ்சள் கேன் ரோட்டில் உருண்டு கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். டீசல் தீர்ந்திருக்கிறது. ரிசர்விலேயே ஓட்டி, ரிசர்விலேயே செத்தான்.

ஜோதிலட்சுமி அழுததைவிடத் திட்டியது அதிகம். காரியத்தன்றே படத்துக்கு எதிரில் நின்று, "ஐந்நூறு ரூவாக்கி டீசல் போட்டா கொறஞ்சா பூடுவ? எங்கள இப்டி நிறுத்திட்டுப் போய்ட்டியே, கஞ்சப் பிசினாறி" என்று கத்தினாள். அதற்கப்புறம் பத்து மாசமாக விளக்கேற்றும்போதெல்லாம் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பூவராகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மட்டும் வேறொன்று தெரியும்.

மகேஷ் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து, "மச்சான், காலைல ஸ்டார்ட் எடுக்க லேட் ஆவுது, கொஞ்சம் பாரேன்" என்றான். டீசல் ஃபில்டருக்கு வருகிற ரப்பர் குழாய் மூட்டில் தளர்வு. கிளிப்பைக் கழற்றி மாட்டினால் சரி. கழற்றினான். மாட்டும்போது கிளிப்பின் பொடி ஸ்குரு விரலிலிருந்து நழுவியது. நழுவியதே தெரியவில்லை, இஞ்சினுக்குள் எங்கோ டிங் என்று கேட்டது. தேடினான், கிடைக்கவில்லை. பக்கத்தில் மகேஷ் போனில் யாருக்கோ வஞ்சிரம் விலை சொல்லிக்கொண்டிருந்தான். கையிலிருந்து ஸ்குரு விழுந்தது எனக்குத் தெரியவில்லை என்று அவனிடம் சொல்ல பூவராகனுக்கு வாய் வரவில்லை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி மூட்டைக் கட்டிவிட்டான். குவாரியில் கம்ப்ரசர் குழாய் வெடித்தால் அப்படித்தான் கட்டுவார்கள். கல்லைத் துளைக்கிற காற்றுக்கே நிற்கிற கட்டு. "ஆயிடுச்சி மாப்ள" என்றான்.

டீசல் அந்த ரப்பரைத் தின்னும் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. காரியம் முடிந்து ஒரு மாசம் கழித்துக் குடோனில் ஒரு லாரி டிரைவர் டீசல் டப்பாவில் விழுந்த டியூப் துண்டை எடுத்துக் காட்டினான். ஊறி, உப்பி, கொழகொழவென்று நாக்கு மாதிரி தொங்கியது. பூவராகன் அன்றைக்கு மூட்டை தூக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். டேங்க் காலியாக இருக்கவேண்டும். மகேஷ் டீசல் தீர்ந்துதான் நின்றிருக்கவேண்டும்.

பேனட்டைத் திறக்காமல் வேறு எங்கெங்கு கை வைக்கலாமோ அங்கெல்லாம் வைத்தான். டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பார்த்தான். எல்லாம் நல்லா இருந்தது. மீன் தண்ணீர் இறங்கி தரைவிரிப்புக்குக் கீழே வயர்கள் பச்சை பூத்திருந்தன. இதுதானோ என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. சுரண்டிப் பார்த்தான், மேல் தோல்தான், உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தது. சீட்டு இன்னும் மகேஷின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியே கிடந்தது. அதில் உட்காராமலே எல்லாவற்றையும் செய்தான்.

"இன்னாடா பூவு, ஆபரேசன கால்லேர்ந்து ஆரம்பிச்சிகீற?"

எதிர்வீட்டு சவுரிமுத்து. இவனோடு குவாரியில் கல்லை உடைக்கிற கிரஷரில் நின்றவன், இப்போது ஒரு குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். லுங்கியும் வாயில் பல்குச்சியுமாக வந்து நின்றான்.

"பேட்டரி செத்துகீதுண்ணா. உன் வண்டிலேர்ந்து கொஞ்சம் கரண்டு குடு."

"குடுக்கறேன். பேனட்ட தொற மொதல்ல, பேட்டரி இன்னா டிக்கிலயா வெச்சிகீறாங்க?"

திறக்கவேண்டியதாகிவிட்டது. பூவராகன் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கினான். பேட்டரியை மட்டும் பார்த்தான். ஃபில்டர் இருந்த மூலையில் ஒரு பழைய துணி கிடந்தது. அதன்மேல் கண் போகாமல் பார்த்துக்கொண்டான். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். சவுரிமுத்து தன் வண்டியை ஒட்டி நிறுத்தி வயர் கொடுத்தான்.

"சாவிய போடு ஜோதி" என்றான் சவுரிமுத்து. "உன் கையால போடு. முன்ன மாரி டீசல் இல்லாம நிக்கப்போவுது, கேனு ரெடியா கீதா?"

"அத்த ஞாபகப்படுத்தாதண்ணா, வாய்ல எதுனா வந்துடும்" என்று அவள் சீட்டில் ஏறினாள். கால் எட்டாமல் முன்னுக்கு நகர்ந்து நுனியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மீட்டரில் முள் நடுங்கியது. பூவராகன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏறாதே, ஏறாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். அது ஏறியது. கால்வாசியைத் தாண்டி மெதுவாகப் போய் பாதியில் நின்றது.

அவள் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"டீசல் கீதே" என்றாள் ஜோதிலட்சுமி.

"முள்ளு பொய் சொல்லும்" என்றான் பூவராகன். "பழைய வண்டி."

சவுரிமுத்து பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகி ஒரு குச்சியை விட்டு எடுத்தான். குச்சி பாதிக்கு நனைந்திருந்தது. "பொய் இல்லடா. பாதி டேங்கு கீது."

"அப்ப ஏன் நின்னுச்சி?" அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "டீசல் இருந்துகீது. அப்ப ஏன்ணா நின்னுச்சி? நான் பத்து மாசமா…"

அப்போது டேஷ்போர்டில் பாட்டுப்பெட்டி தானாக விழித்துக்கொண்டது. நீல வெளிச்சத்தில் எழுத்து ஓடியது. தேடுகிறது, தேடுகிறது. பிறகு 'மகேஷ்' என்று நின்றது. உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில், கனெக்டட் என்றது.

ஜோதிலட்சுமி சுருக்குப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மகேஷின் போனுக்கு அவள் மாசாமாசம் காசு கட்டி உயிரோடு வைத்திருந்தாள். மீன் கேட்டு வாடிக்கைக்காரர்கள் அதில்தான் கூப்பிடுவார்கள். பேசுவாள். அதிலிருந்து யாருக்கும் கூப்பிடமாட்டாள். திரை பாதி உடைந்து கறுப்பாகிவிட்டதால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது.

"ஒண்ணும் இல்ல, பழைய பழக்கம் அதுக்கு" என்று சவுரிமுத்து சொன்னான். அவன் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"அத்த ஆஃப் பண்ணு" என்று பூவராகன் ஜன்னலுக்குள் கையை விட்டான். தூசியில் எது பட்டன் என்று தெரியவில்லை. கட்டைவிரலால் துடைத்தான். அழுத்தினோமா, எத்தனை தடவை அழுத்தினோம் என்று அந்த விரலுக்குத் தெரியாது.

ஸ்பீக்கரில் ரிங் போகிற சத்தம் கேட்டது. அதே நேரத்தில் கேட் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அவன் சட்டைக்குள் போன் அடித்தது.

சவுரிமுத்துதான் போய் எடுத்தான். பார்த்தான். திருப்பிக் காட்டினான். திரையில் 'மாப்ள' என்று இருந்தது.

வண்டிக்குள்ளே இருந்து ஒரு ரிங், வெளியே ஒரு ரிங். பூவராகன் எடுக்கவில்லை. அன்றைக்கு மாதிரியே அடித்து அடித்து ஓய்ந்தது.

"கடைசியா போட்ட நம்பருக்குத்தான் போவும் அது" என்று ஜோதிலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "கடைசியா உனக்கா போட்டாரு?"

அவன் மட்காடில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"மூணு தடவ போட்டான் ஜோதி. நான் மூட்ட எறக்கிகினு இருந்தேன். சட்ட ஆணில தொங்கிகினு இருந்திச்சி. ஏழு மணிக்கி வந்து பாத்தேன். திரும்பப் போட்டா போலீஸ்காரன் எடுத்தான்."

"இத்த ஏன் சொல்லல?"

"எப்டி சொல்றது."

அவள் இறங்கி வந்து அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். மீன் அரிந்து தழும்பேறிய கையால் அவன் முட்டியைத் தொட்டாள். "இத்தயா பத்து மாசமா வயித்துல வெச்சிகினு சுத்துன? அதான் ஆளே எளச்சிப் போய்ட்டியா? வுடுண்ணா. நீ இன்னா பண்ணுவ. வேலைல இருந்த. உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சத்தியமா."

அவள் அவனை மன்னித்துவிட்டாள். எதற்கு மன்னிக்கவேண்டுமோ அதற்கு இல்லை. வாயைத் திறக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்து, மூக்கைச் சிந்தி லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றான்.

இஞ்சின் சுற்றியது, பிடித்தது, ஒரு நிமிஷம் உறுமியது, மூச்சு முட்டினவன் மாதிரி விக்கி நின்றது. மறுபடியும் அப்படியே. சவுரிமுத்து தலையை ஆட்டினான். "ஏர் எடுக்குதுடா. டீசலோட காத்தும் பூருது. ஃபில்டராண்ட பாரு."

ஜோதிலட்சுமி பிரியாணிக்கு அரிசி போட உள்ளே போனாள். இனி தப்ப இடமில்லை. பூவராகன் அந்தத் துணியை எடுத்தான். மகேஷின் கட்டம்போட்ட துண்டு. அதை விலக்கியதும் எல்லாம் தெரிந்தது. ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்றுகிற ஸ்குரு இரண்டு சுற்று தளர்ந்து இருந்தது. டேங்கில் டீசல் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் முதலில் அதில் கை வைப்பான். மகேஷ் கேனை ஓரமாக வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான். அதற்குக் கீழே குழாய் மூட்டில் டியூப் கட்டு. உப்பி, நெகிழ்ந்து, கறுப்புக் களியாக இருந்தது. அதன் முனை தானாக அவிழவில்லை. ஒருவன் நகத்தால் நெம்பி, பொறுமையாக மூன்று சுற்று பிரித்திருக்கிறான். நாலாவது சுற்று பாதியில் நின்றிருந்தது.

மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்துவிட்டுத்தான் போன் போட்டிருக்கிறான். மச்சான், இன்னாத்தக் கட்டி வெச்சிகீற என்று கேட்டுத் திட்ட. திட்டியிருந்தால் போதும். வண்டிய ஓரமாத் தள்ளுடா, நீ ரோட்டுல நிக்காத, நான் வரேன் என்று இவன் சொல்லியிருப்பான்.

சவுரிமுத்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் கண் அந்தக் கட்டில் ஒட்டிக்கொண்டது. பிரித்தது போக மிச்சச் சுற்றும், தொங்கிய முனையில் பதிந்த மடிப்பும் கட்டின விதத்தைச் சொல்லின, நாலு சுற்று ஒருபக்கம், ரெண்டு சுற்று திருப்பி எதிர்ப்பக்கம், முனையை உள்ளே செருகி இழுப்பு. அந்தக் கட்டு திரிசூலத்தில் கம்ப்ரசர் பக்கம் நின்றவர்களுக்கு மட்டும்தான் வரும். இந்த வண்டியில் கை வைத்தவர்களில் அப்படி நின்றவன் ஒரே ஒருவன்.

"டேய்" என்றான் சவுரிமுத்து.

பூவராகன் துண்டைக் கையில் சுருட்டினான்.

"டேய் பூவு. இது…"

"ஆமா."

பல்குச்சியை எடுத்து எறிந்தான் சவுரிமுத்து. வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "அந்தப் பொண்ணு செத்தவன பத்து மாசமா பிசினாறின்னுகினு கீது. நானும் ரிசர்வு ரிசர்வுன்னு கிண்டல் பண்ணிகினு கீறேன். நீ பக்கத்துல கம்னு ஒக்காந்துகினு இருந்த."

"சொல்லிடறேண்ணா."

"நான் வாயத் தொறக்க மாட்டேன். அது என் வேல இல்ல. ஆனா இனிமே என் மூஞ்சிய நீ பாக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும்ன்றது உனக்குத் தெரியும்." வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். போகிறவன் வழக்கம்போல ஒரு நக்கல் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

பூவராகன் கட்டை அறுத்து எடுத்தான். கையில் பிசினாக ஒட்டியது. எங்கே போடுவது என்று தெரியாமல் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பம்மல் போய்ப் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, புது டீசல் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்தான். குழாயை வெட்டி ஏற்றினான். கிளிப் ஸ்குரு மட்டும் விரலில் நிற்கவில்லை. ஒரு தடவை நழுவியது, பிடித்தான். மறுபடி நழுவியது.

"தள்ளுண்ணா, இங்க குடு." எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நெத்திலிக்குத் தலை கிள்ளுகிற விரல்கள். பொடி ஸ்குருவைப் பொருத்தி நாலு திருகில் ஏற்றிவிட்டாள். "இவ்ளோதானா? இது முன்ன இல்லையா?"

"இல்ல."

"பின்ன இன்னா இருந்திச்சி?"

"ஏதோ ரப்பர கட்டி வெச்சிருந்தாங்க. அதுல காத்து பூந்துடுச்சி."

"கட்டி வெச்சிருந்தாங்களா" என்று அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை உருட்டினாள். பிறகு இரண்டாவது கிளிப்பையும் அவளே மாட்டினாள். அவன் ஃபில்டர் மேலிருந்த கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினான். நுரை வந்து, நின்று, சுத்தமான டீசல் வந்ததும் தளர்ந்திருந்த ஸ்குருவை ஸ்பேனரால் இறுக்கினான். வண்டி முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. ஜோதிலட்சுமி உள்ளே போய் மகேஷ் படத்துக்கு முன்னால் நின்றாள். திட்டும் சத்தம் கேட்கவில்லை. அது கேட்காதது அவனுக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கிளம்பினார்கள். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில். புது லைசன்ஸ்காரி என்றாலும் நிதானமாகத்தான் ஓட்டினாள். தாம்பரம் தாண்டி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் ரோட்டில் ஏறினாள். பாட்டுப்பெட்டியில் 'மகேஷ்' என்ற எழுத்து எரிந்துகொண்டே வந்தது.

"டீசல் நாத்தம் வருதுண்ணா. லீக் ஆவுதா?"

"இல்ல. நேத்து வேல செஞ்ச சட்ட."

பையில் அந்தத் துணி இருந்தது. எறிய ஒரு ராத்திரி முழுக்க இடம் கிடைக்கவில்லை.

அந்த இடம் வந்ததும் அவள் ஓரம் கட்டி இண்டிகேட்டர் போட்டாள். இஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "தப்பா திட்டிட்டேன்யா. பாதி டேங்க் வெச்சிகினுதான் வந்திருக்க. மன்னிச்சிடு" என்றாள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள்.

"அந்த ரப்பர யாருண்ணா கட்டனது? அன்பா?"

"அன்பு இல்ல. அவன் மேல பழி போடாத."

"பின்ன யாரு?"

பின்னால் தூரத்தில் ஒரு டிப்பரின் ஹாரன் கேட்டது. கண்ணாடியில் இரண்டு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"வண்டிய எடு ஜோதி. இங்க நிக்காத. எடு."

எடுத்தாள். டிப்பர் காற்றை அடித்துக்கொண்டு பக்கத்தில் கடந்து போனது. கோவளம் வரைக்கும் அவள் திரும்பக் கேட்கவில்லை. கரையில் ஐஸ் பெட்டிகளை ஏற்றும்போது, "நீ தூக்காத, கை வலிக்கும்" என்று அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு அவளே தூக்கினாள்.

தங்கைக்கு அவன் தரவேண்டியது நாலே சொல்தான். 'அந்த டியூப்பக் கட்டனவன் நான்.' வண்டி நிறைந்து பின்கதவைக் கயிற்றால் கட்டியபோதும் அதை அவன் தரவில்லை.